பலகைக்கு வைத்த பொட்டு

என் மனைவிக்கு ஐம்பத்திரண்டு வயது. போன சித்திரையில் ஐஸ்லாந்துக்குப் போய், எரிமலை ஒன்றின் வாயிலிருந்து ஸ்னோபோர்டில் இறங்கியவள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் அவளைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். "அண்ணை, நீங்கள் மறிக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். மறிக்காமல் என்ன? என்னால் முடிந்தவரை மறித்தேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயில் ஓட்டுகிறவன். வெஸ்ட்லியில் ஏறினால் தண்டவாளம் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போவேன், சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பேன். பிரேக் என் கையில் இருக்கும். பிரேக்கே இல்லாத ஒரு பலகையில் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்க ஒரு மனுசிக்கு எப்படி மனம் வரும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாம் மகளால் வந்தது. அவள் படிக்க ட்ரொண்ட்ஹைமுக்குப் போனபோது தன் பழைய ஸ்னோபோர்டைக் கட்டடத்தின் நிலவறையில் விட்டுப் போய்விட்டாள். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று நான் படமெடுத்து விளம்பரம் போட்டேன். ஒருவர் வாங்கவும் வந்தார். நான் கீழே போய் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், என் மனைவி வாசலில் நின்று அந்த மனிதரிடம் நொர்வீஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"உது விக்கிறேல்லை," என்றாள் என்னிடம்.

"பிறகு ஆர் ஓடுறது?"

"நான்தான்."

அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஸ்டோவ்னரில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக் கழற்றுவதுதான் பனியோடு அவளுக்கிருந்த உறவு. நான் சிரித்தேன். ஒரு கிழமையில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

விடவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க விழுந்தாள். விழுந்த இடத்தில் நீலம் பாரித்து, சாப்பாட்டு மேசையில் தலையணை போட்டு உட்கார்ந்தாள். கோடை வந்தால் ஓயும் என்றிருந்தேன். ஓயவில்லை. பிறகு லோரன்ஸ்கூக்கில் கூரைக்குள் பனி கொட்டி வைத்து மண்டபம் ஒன்று திறந்தார்களே, அதோடு கோடையிலும் போகத் தொடங்கினாள். ஆடி மாதத்தில் சனமெல்லாம் குளத்தில் குளிக்கப் போகும் பஸ்ஸில், இவள் மட்டும் தடித்த ஜாக்கெட்டும் பலகையுமாக ஏறுவாள். கலியாண வீடுகளில் பகிடி தாங்க முடியவில்லை. "அக்கா பனியிலை வழுக்கிறாவாம், அண்ணை கீழை நிண்டு ஏந்துறாராம்" என்று ஒருவர் மேடைக்குக் கேட்கவே சொன்னார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் அந்த மனிதரிடமே போய், "வாற சனிக்கிழமை நீங்களும் வாங்கோவன், பழக்கிவிடுறன்" என்றாள். அதோடு அவர் வாய் மூடிவிட்டது.

பதினொரு குளிர்காலங்கள் இப்படிப் போயின. நான் எப்போதும் கீழே கஃபேயில் வாஃபிள் தின்றுகொண்டு, கண்ணாடி வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூறு பேர் இறங்கினாலும் அவளை அடையாளம் தெரியும். மற்றவர்கள் பனியோடு சண்டை பிடிப்பார்கள். அவள் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றுவதே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பலகை திரும்பியிருக்கும். விழுந்தால் ஒருநாளும் சுற்றிப் பார்க்க மாட்டாள், யாராவது கண்டார்களா என்று. எழும்புவாள், தட்டுவாள், போவாள். எனக்கு அந்தத் துணிவில் கால்வாசி இருந்திருந்தால் நான் வாழ்க்கையில் எங்கேயோ போயிருப்பேன். இதை அவளிடம் மட்டும் சொன்னதில்லை. வீட்டில் வாயைத் திறந்தால், "உம்மடை பலகையைக் கொண்டுபோய்க் கீழை வையும்" என்பதுதான் வரும்.

பிறகு முழங்கால் கெட்டது. பிள்ளைகளைத் தூக்கியும் குனிந்தும் இருபது வருடத்துக்கு மேலாக உழைத்த கால். மூட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்ற வேண்டும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைக் காட்டினார். வைகாசிக்குத் திகதி தந்தார். பிறகு நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், நீந்தலாம், ஆனால் ஸ்னோபோர்ட் கூடாது என்றார். அதுவரைக்கும்? வலி தாங்கும்வரை உங்கள் விருப்பம், ஆனால் மோசமாக விழுந்தால் சிகிச்சையே தள்ளிப்போகும், சிக்கலாகவும் முடியலாம் என்றார்.

அன்று ஸ்ட்ரோம்மனில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் நான் எஞ்சினை அணைத்ததும் அவள் சொன்னாள்.

"அதுக்கு முன்னம் ஒருக்கா எரிமலையிலை இருந்து இறங்கவேணும்."

அவளோடு வேலை செய்யும் ஐஸ்லாந்துப் பெண் ஒருத்தி தன் ஊர் மலையைப் படத்தில் காட்டியிருக்கிறாள். வெள்ளைக் கூம்பு, உச்சியில் வட்டமாக ஒரு வாய். படம் பார்த்த நாளிலிருந்து இவள் மனதில் அது கிடந்திருக்கிறது.

"உமக்கென்ன விசரே? டொக்டர் சொன்னது காதிலை விழேல்லையோ?"

"விழுந்தது. அதுதான் கேக்கிறன். இனிக் கேக்க மாட்டன்."

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று எதையும் இப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் சம்மதித்தேன். சம்மதித்தேனே தவிர, மனம் ஒப்பவில்லை.

ரெய்க்யாவிக்கில் இறங்கி வாடகைக் காரில் வடக்கே போனோம். போகப் போக ஊர்கள் குறைந்து, கறுப்புக் கல்லும் வெள்ளைப் பனியும் மட்டும் மிஞ்சின. எரிமலைக்குப் பக்கத்திலிருந்த ஏரியின் கரைக்குக் கிட்ட வந்ததும் அழுகின முட்டை மணம் காருக்குள் நிறைந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, அது நிலத்தின் மணம். பனிக்கு நடுவில் ஆங்காங்கே குழிகளில் சாம்பல் நிறச் சேறு களி கொதிக்கிற மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாதையோரத்தில் பனி கரைந்த ஒரு திட்டில் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, சுடுது! தொட்டுப் பாருங்கோவன்!"

"எட்டத்தாலை வாரும். வெடிச்சுக்கிடிச்சு வைக்கப்போகுது."

அவள் கேட்கவில்லை. கீழே நெருப்பும் மேலே பனியும் இருக்கிற ஓர் இடத்தில், குழந்தைப்பிள்ளை மாதிரி முகம் முழுக்கச் சிரிப்போடு குந்தியிருந்தாள். நானும் தொட்டேன். உண்மையாகவே சுட்டது. பெரிய அதிசயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அன்று பின்னேரம் விடுதியின் சாமான் கொட்டிலில் அவள் பலகைக்கு மெழுகு போட்டாள். இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டு, ஒரு தகட்டால் வழித்து, தூரிகையால் மினுக்கினாள். வழுக்குகிற பக்கம் கண்ணாடியாக மின்னியது. அதைச் சுவரில் சாத்திவிட்டு வெந்நீர்த் தொட்டியில் கால் ஊறப்போடப் போனாள். கொட்டிலில் நானும் பலகையும் தனியே நின்றோம்.

எங்கள் வீட்டில் புதுக் கார் வாங்கினால் பூசை செய்யாமல் தெருவில் இறக்குவதில்லை. மகளின் முதல் சைக்கிளுக்கும் செய்தோம். பெருமாளோ பிள்ளையாரோ, யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். இந்தப் பலகைக்கு மட்டும் பதினொரு வருடமாக ஒன்றும் செய்யவில்லை என்பது அந்த நேரம் பார்த்து எனக்கு உறைத்தது. என் பைக்குள் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். எடுத்தேன். மேற்பக்கத்தில் கால் மாட்டுகிற பட்டிகள், படங்கள், இடமே இல்லை. மினுக்கிய பக்கம் வெறுமையாக, துப்புரவாக இருந்தது. அதில் மூன்று குறி திருநீறு பூசி, ஐந்து இடத்தில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். விடுதிக் குசினியில் ஒரு தேசிக்காய் கிடந்தது, அதையும் கார்ச் சில்லுக்கு எலுமிச்சை வைப்பதுபோலப் பலகைக்கு அடியில் வைத்து அமத்திப் பார்த்தேன். நசியவில்லை, உருண்டு ஓடிவிட்டது.

பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டேன். என்ன கும்பிட்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்று என்று கும்பிடவில்லை. நாளைக்குக் காற்றடிக்கட்டும், புகார் வந்து மலையை மறைக்கட்டும், ஒழுங்கு செய்த வழிகாட்டி வரமுடியாது என்று சொல்லட்டும், இந்தச் சறுக்கல் கதை இதோடு முடியட்டும் என்று கும்பிட்டேன். கட்டினவளின் ஒரேயொரு ஆசை நடக்கக்கூடாது என்று கடவுளிடம் மனுப் போட்ட மனுசன் நான்.

விடிந்தால், வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை.

வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க ஐஸ்லாந்துப் பெண். அதிகம் பேசாதவள். என் மனைவியின் முழங்காலைப் பற்றி முதலே கேட்டு, "வலித்தால் சொல்ல வேண்டும், எங்கேயாவது காயம் பட்டால் அந்த இடத்திலேயே திரும்புவோம்" என்று சொல்லிவிட்டாள். எங்களோடு இரண்டு டேனிஷ் பெண்களும் வந்தார்கள். சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று எங்களை மலையடிவாரத்தில் இறக்கியது. அங்கிருந்து நடை. பலகைகளை முதுகுப்பையில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு அவர்கள் ஏற, பனியில் புதையாத அகலச் சப்பாத்தோடு நான் கடைசியில் ஏறினேன். உச்சிவரை போய் அவள் புறப்படுவதைப் பார்த்துவிட்டு, வந்த தடத்திலேயே நடந்து இறங்குவது என் திட்டம்.

வழிகாட்டியின் காலடிக்குப் பின்னால் என் மனைவி, அவளுக்குப் பின்னால் டேனிஷ்காரிகள். பனிக்கு அடியில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில் வெடிப்புகள் இருக்கும், தடத்தை விட்டு விலகக்கூடாது என்று உத்தரவு. மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்போம். வெயில் நன்றாக எறித்தது. எனக்கு மூச்சு முட்டி, நான் நூறு அடிக்கும் மேல் பின்தங்கிவிட்டேன். அப்போதுதான் மேலே ஒருத்தி, "ரத்தம்! ரத்தம்!" என்று டேனிஷில் கத்தினாள்.

என் சீவன் போய்விட்டது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால், தடத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. என் மனைவியின் காற்சட்டைப் பின்புறத்திலும் சிவப்புக் கோடு. வழிகாட்டி அவளைப் பனியில் உட்காரவைத்து, காற்சட்டையின் பக்க ஜிப்பைத் திறந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லியும் அவள் நம்பவில்லை. ஒரு காலைப் பார்த்து முடித்து மற்றக் காலைத் திறந்தாள், பிறகு முதுகு, பிறகு கழுத்து.

நான் முதுகுப்பையைப் பார்த்தேன். வண்டியில் பலகைமேல் படிந்த பனி வெயிலுக்கு உருகி, என் ஐந்து பொட்டுகளையும் கரைத்துக்கொண்டு வடிந்துகொண்டிருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ரயிலில் பயணிகளுக்கு அறிவித்தல் செய்கிற என் நொர்வீஜிய மொழி எங்கே போனதோ தெரியவில்லை. "அது ரத்தமில்லை," என்றேன். "அது... வாகனத்துக்கு வைக்கிற ஆசீர்வாதம். நான்தான் வைத்தேன்."

"எந்த வாகனம்?" என்றாள் டேனிஷ்காரி.

நான் பலகையைக் காட்டினேன். வழிகாட்டி விரலால் தொட்டு, மணந்து பார்த்தாள். சந்தனம் மணத்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ரத்தம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே ஒரு முகில் எழும்பி மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

நான் மனைவியின் பக்கத்தில் குந்தினேன். "என்னை மன்னியும். அந்தப் பக்கத்திலை ஒண்டும் ஒட்டக்கூடாதெண்டு எனக்கு..."

"சும்மா இருங்கோ. நான் காலமையே கண்டனான்."

"கண்டனீரோ? பிறகேன் வழிச்செறியேல்லை?"

"நீங்கள் கும்பிட்டு வைச்சது. என்னெண்டு வழிக்கிறது? மேலை போய், புறப்படேக்கை உங்களைக் கொண்டே வழிப்பிப்பம் எண்டு விட்டிட்டன்."

இதற்குப் பிறகு மறைக்க எனக்கு முகமில்லை. "நீர் நினைக்கிற மாதிரி இல்லையப்பா. நீர் போகக்கூடாதெண்டுதான் கும்பிட்டனான்."

கோபிப்பாள் என்று காத்திருந்தேன். "ஏன், எனக்குத் தெரியாதே?" என்றாள். "நேற்று முழுக்க உங்கடை மூஞ்சை அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்துது."

வழிகாட்டி வந்து நின்றாள். முகில் வந்து மூடினால் உச்சியிலிருந்து இறங்க முடியாது, சரிவே தெரியாது என்றாள். இப்போது போகிற வேகத்தில் போனால் முகில்தான் முதலில் போய்ச் சேரும், விரைவாக நடந்தால் அரை மணித்தியாலம் கிடைக்கும். சொல்லிவிட்டு என் மனைவியின் காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது போல் விளங்கியது. அந்தக் கூட்டத்தில் சுமை அவளுடைய முழங்கால் இல்லை, நான்.

"இவர் வராட்டி நானும் போகேல்லை," என்றாள் என் மனைவி தமிழில், வழிகாட்டிக்கு விளங்காது என்றுகூட யோசிக்காமல். பிறகு என்னிடம், "காணும். இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம். வாங்கோ இறங்குவம்" என்றாள். முதுகுப்பைப் பட்டியைத் தளர்த்தவும் தொடங்கிவிட்டாள்.

அவள் அதை மனதாரச் சொன்னாள், அதுதான் என்னைக் கொன்றது. நான் கும்பிட்டது முழுதாகப் பலித்து என் முன்னால் நின்றது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"உம்மடை வழிக்கிற தகடு எங்கை?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"எங்கை எண்டு சொல்லும்."

ஜாக்கெட் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். நான் பனியில் முழந்தாளிட்டு, அவள் முதுகிலிருந்த பலகையில் என் பொட்டுகளை ஒவ்வொன்றாக வழித்தேன். கடைசித் துளி சந்தனத்தை என் ஜாக்கெட் கையால் துடைத்தேன். "போட்டு வாரும்," என்றேன். "நான் கீழை நிண்டு பாக்கிறன். நிக்காதையும், போம்."

அவள் என் கன்னத்தை ஈரக் கையுறையால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு திரும்பி ஏறினாள். வழிகாட்டி முதல் இருந்ததைவிட இரண்டு மடங்கு வேகமாக நடந்தாள், அந்த முழங்காலோடு இவளும் அவள் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு போனாள். டேனிஷ் இளம்பெண்கள் இருவரும் பின்தங்கினார்கள். "பாரன் அவளை!" என்று நான் தனியாக நின்று வாய்விட்டுச் சொன்னேன்.

நான் இறங்கி வண்டியடிக்கு வந்தபோது முகில் உச்சியின் ஒரு கரையைத் தொட்டிருந்தது. வண்டிக்காரர் தூரக்கண்ணாடியைத் தந்தார். கண்ணில் வைத்தால் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். எரிமலையின் விளிம்பில் நான்கு புள்ளிகள். ஒரு புள்ளி முன்னுக்கு வந்து சற்று நேரம் நின்றது. பிறகு விழுந்தது. இல்லை, விழவில்லை, இறங்கியது.

இத்தனை வருடம் கஃபேக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெரிய வெள்ளைச் சரிவில் யாரும் போகாத இடத்தில் அவள் மட்டும் இடமும் வலமுமாக அகல அகலக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அவசரமில்லை. கோடு எங்கேயும் உடையவில்லை. திரும்புகிற இடத்தில் எல்லாம் பனி தூளாக எழும்பி வெயிலில் மின்னியது. வண்டிக்காரர் பக்கத்தில் வந்து நின்று ஐஸ்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். விளங்கவில்லை, ஆனால் அது பாராட்டு என்று தெரிந்தது. "அது என் மனைவி," என்று நொர்வீஜிய மொழியில் சொன்னேன். போதாது போலிருந்தது, இன்னொரு தரமும் சொன்னேன்.

கிட்ட வந்துவிட்டாள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் நிற்கவில்லை. என்னைக் காணவுமில்லை. இருபது அடி தள்ளி, பலகை பனியைச் சீவுகிற சத்தத்தோடு என்னைத் தாண்டிப் போனாள். அந்த ஒரு நொடியில் முகத்தைக் கண்டேன். நான் இல்லாத, மகள் இல்லாத, வீடும் வேலையும் இல்லாத ஒரு முகம். இவ்வளவு அழகான மனுசியோடா நான் இவ்வளவு காலமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

சரிவு தீர்ந்த இடத்தில் பலகை மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓய்ந்தது. அவள் அப்படியே மல்லாந்து விழுந்தாள். அகலச் சப்பாத்தை வண்டியடியில் கழற்றிவிட்டிருந்த நான், முழங்கால் புதையும் பனியில் விழுந்தெழும்பி ஓடினேன்.

"காலோ? காலோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு," என்றாள். பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணெல்லாம் ஈரம், வாய் நிறையச் சிரிப்பு. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மற்ற மூவரும் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், உச்சியை முகில் முழுக்க மூடிவிட்டிருந்தது.

"முடிஞ்சுதப்பா," என்றாள். "இனிக் கழட்டிவிடுங்கோ."

பதினொரு வருடத்தில் அந்தப் பட்டிகளை அவள் என்னைத் தொடவிட்டதில்லை. நான் குனிந்து முதல் பட்டியைக் கழற்றினேன். இது முடியவேண்டும் என்றுதானே கும்பிட்டேன், முடிந்துவிட்டது. இரண்டாவது பட்டியில் கை வைத்ததும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவள்தான் எழும்பி உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அதைக் கழற்றினாள்.